நாங்கள் 'நாம்' ஆகும் இடம்

(செவிலியர் மாணவர்களிடையே வாலாஜாபாத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



இன்று காலை வரும் வழியில் பழையசீவரத்தில் திரும்பி, பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டு வந்தேன். அக்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். கூடுவதற்குத் தண்ணீர் பெரும்பாலும் இருப்பதில்லை, மணல் மட்டும் கூடிக் கிடக்கிறது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டு. கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், அதில் பயின்ற மாணவர்க்கும் கோயில் பணியாளர்க்குமாக 'வீரசோழன்' என்ற பெயரில் ஓர் ஆதுலசாலையும் நடந்ததை அது சொல்கிறது. ஆதுலசாலை என்றால் மருத்துவமனை. 15 படுக்கைகள். ஒரு மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனித்து மருந்து கொடுக்க இரண்டு பெண்கள்.

மருத்துவரின் பெயர் கல்லில் இருக்கிறது: கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். ஏறக்குறைய 950 ஆண்டு கழிந்தும் நான் இங்கே நின்றபடி அந்தப் பெயரைச் சொல்ல முடிகிறது. அந்த இரண்டு பெண்களின் பெயர் இல்லை. 'பெண்கள் இருவர்', அவ்வளவுதான்.

உங்கள் கல்லூரியிலிருந்து ஒரு பேருந்துப் பயண தூரத்தில் நம் தொழிலின் மூதாதையர் இருவர் பெயரில்லாமல் சுவரில் நிற்கிறார்கள் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா? நான் மாணவியாக இருந்தபோது என்னிடம் யாரும் சொல்லவில்லை. செவிலியர் வரலாறு என்றால் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், கிரிமியப் போர், விளக்கு என்று படித்தோம். அது தவறில்லை. ஆனாலும் அந்த விளக்கு வெளிச்சத்தில் திருமுக்கூடல் தெரியாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இன்றைக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள், செவிலியர் வகுப்பறையில் மாணவர்களுக்கு 'நான் இங்கே உரியவள்' என்ற உணர்வை எப்படி வளர்ப்பது என்பது. ஆங்கிலத்தில் 'பிலாங்கிங்' என்கிறார்கள். தமிழில் இதற்குப் புதுச்சொல் ஒன்றைச் செய்துகொண்டு வரலாம் என்று இரண்டு நாள் முயன்றேன். உரிமையுணர்வு என்றால் சொத்து வழக்கு மாதிரி ஒலிக்கிறது. ஒட்டுறவு என்றால் கல்யாண வீட்டு நினைவு வருகிறது. பிறகுதான் தோன்றியது, நமக்குப் புதுச்சொல் தேவையே இல்லை. நம் மொழியில் 'நாங்கள்' என்றும் 'நாம்' என்றும் இரண்டு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நாங்கள் என்றால் எதிரே நிற்பவர் வெளியே. நாம் என்றால் அவரும் உள்ளே.

வார்டுக்கு முதல் நாள் போகிறீர்கள். இன்சார்ஜ் சிஸ்டர் சொல்கிறார்: "எங்க வார்டுல இப்படியெல்லாம் செய்யக் கூடாது." இன்னொரு வார்டில் இன்னொரு சிஸ்டர், அதே கண்டிப்போடு: "நம்ம வார்டுல இப்படிச் செய்ய மாட்டோம்." விதி ஒன்றுதான். கேட்ட மாணவி மட்டும் முதல் வார்டில் வாசலுக்கு வெளியேயும் இரண்டாவதில் உள்ளேயும் நிற்கிறாள்.

என் கருத்தைத் தொடங்குமுன் ஒரு பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். கதைக்குள்தான் கருத்து இருக்கிறது.

என் அப்பா அய்யம்பேட்டையில் தறி நெய்தவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். 40 ஆண்டுகளுக்கு முன் செவிலியர் பயிற்சியில் சேர்ந்தேன். எந்த ஊர், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். முதலாண்டில் எங்களை மருத்துவப் பிரிவு ஆண்கள் வார்டுக்கு அனுப்பினார்கள். வேலை எளியது: வெப்பம், நாடி, மூச்சு மூன்றையும் எடுத்து அட்டவணையில் எழுத வேண்டும். மூச்சை எப்படி எண்ணுவது என்று உங்களுக்குத் தெரியும். நாடி பிடிப்பது போலவே மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, நோயாளிக்குத் தெரியாமல் மார்பைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். தெரிந்துவிட்டால் அவர் மூச்சை மாற்றிக்கொள்வார்.

ஒரு நிமிடத்தை அளக்க நொடிமுள் உள்ள கைக்கடிகாரம் வேண்டும். சேர்க்கைப் பட்டியலில் அதுவும் இருந்தது. வெள்ளைச் சீருடை, காலணி, கத்தரிக்கோல், கடிகாரம். மற்றவற்றை அப்பா எப்படியோ வாங்கிக் கொடுத்துவிட்டார். கடிகாரம் அவர் கூலிக்கு எட்டவில்லை. அந்தக் காலத்தில் எச்.எம்.டி. கடிகாரம் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குப் போடும் பொருள். எங்கள் வகுப்பில் எல்லாப் பெண்களின் கையிலும் ஒன்று இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. நான் முழுக்கைச் சட்டை போட்டவள் போல மணிக்கட்டை மறைத்துக்கொண்டே நடப்பேன்.

அதனால் எண்ணவில்லை. எல்லா நோயாளிக்கும் மூச்சு 18 என்று எழுதினேன். நாடியைத் தோராயமாக எழுதினேன். பக்கத்துக் கட்டில்காரருக்கு என்ன எண்ணோ அதில் இரண்டைக் கூட்டியோ குறைத்தோ போட்டேன். 11ஆம் கட்டிலில் இருந்த பெரியவருக்கும் 18. ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் அவர் அருகில் நின்று தானே எண்ணினார். 36. ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், பெரியவர் அன்று தேறிவிட்டார். மருத்துவர் அட்டவணையை எடுத்து, வார்டு முழுக்க ஒரே 18 இருப்பதை எல்லாருக்கும் காட்டினார். நான் அழுதேன். விடுதிக் கண்காணிப்பாளர் வரை போய் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

ஏன் எண்ணவில்லை என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். கடிகாரம் இல்லை என்று சொன்னால் இந்த இடத்துக்கு நான் தகுதியில்லாதவள் என்று தெரிந்துவிடும், அனுப்பிவிடுவார்கள் என்று 17 வயதில் உறுதியாக நம்பினேன். என்னிடம் குறையாக இருந்தது நேர்மையோ அறிவோ இல்லை, ஒரு நொடிமுள். அதைவிடப் பெரிய குறை, அது இல்லை என்று சொல்லக்கூடிய ஒரு முகம் அந்த வகுப்பில் எனக்கு இல்லாதது.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். வகுப்பறையில் உரியவராக உணர்வதை மாணவர் நலன், மனமகிழ்ச்சி என்ற கணக்கில் எழுதாதீர்கள். நோயாளியின் பாதுகாப்புக் கணக்கில் எழுதுங்கள். இங்கே தன் இடம் உறுதி என்று நம்பாத மாணவர் கேட்க மாட்டார், தெரியாது என்று சொல்ல மாட்டார், தவறைக் கண்டாலும் வாய் திறக்க மாட்டார். அவரே மூன்று ஆண்டு கழித்து இரவுப் பணியில் தனியாக நிற்பார். 11ஆம் கட்டிலில் யாராவது படுத்திருப்பார்.

அந்த உணர்வு எதனால் உண்டாகிறது என்பதை ஆறு கூறுகளாகப் பார்க்கிறேன்.

1. பெயர்

வார்டில் நமக்குப் பெயர் கிடையாது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் நாம் 'சிஸ்டர்'. ஆண்கள் 'பிரதர்'. படிக்கும் காலத்தில் அதுவும் இல்லை, "ஏ ஸ்டூடண்ட், இங்க வா" என்பார்கள். சீருடை போட்ட பிறகு பெயர் ஒட்டுப் பட்டையில் மட்டும்தான். ஆகவே வகுப்பறைதான் ஒரு செவிலிக்குப் பெயர் இருக்கும் கடைசி இடம். அங்கேயும் "முப்பத்திரண்டு", "முப்பத்திரண்டு ஆப்சென்ட் மேடம்" என்று போனால் என்ன செய்வது?

பக்கத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. 919, 921ஆம் ஆண்டுக் குடவோலைக் கல்வெட்டுகளை நாம் பெருமையோடு சொல்கிறோம். பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுத் தேர்ந்தெடுத்த முறை. யார் பெயர் ஓலையில் ஏறலாம் என்பதையும் அவற்றில் இரண்டாவது கல்வெட்டு சொல்கிறது: வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி. நிலமில்லாதவரின் பெயர் குடத்துக்குள் போக வழியே இல்லை. இன்றைய வருகைப் பதிவேடும் ஒரு குடம்தான். எல்லார் பெயரும் அதில் இருக்கிறது. எடுத்து வாசிக்கும் கைதான் சில பெயர்களை மட்டும் அடிக்கடி எடுக்கிறது. நன்றாக ஆங்கிலம் பேசும் நான்கு பெயர், முன் பெஞ்சின் மூன்று பெயர்.

60 பேர் வகுப்பில் பெயர்களை மனப்பாடம் செய்வது கடினம், எனக்குத் தெரியும். நான் செய்தது இது: முதல் மாதம் முழுக்க ஓர் அட்டையைக் கூடாரம் போல மடித்துப் பெஞ்சின்மேல் வைக்கச் சொல்வேன். பெயரும் ஊரும் அதில் இருக்கும். வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதை விரும்பினால் எழுதலாம். சாலவாக்கத்திலிருந்து எத்தனை மணிப் பேருந்தைப் பிடித்து ஒரு பெண் எட்டே முக்காலுக்கு வருகிறாள் என்பதை அந்த அட்டைகளைப் பார்த்துக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை அவளைத் 'தாமதமாக வருபவள்' என்று குறித்து வைத்திருந்தேன்.

2. மொழி

பட்டப் படிப்பின் பயிற்றுமொழி ஆங்கிலம் என்பது செவிலியர் மன்றத்தின் விதி. விதியை மீறச் சொல்ல நான் இங்கு வரவில்லை. ஆனால் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, உயிரியலில் நல்ல மதிப்பெண்ணோடு வரும் மாணவி முதல் மாத உடற்கூறியல் வகுப்பில் ஊமையாவதை ஆண்டுதோறும் பார்த்தவள் நான். அவளுக்கு ஈரல் தெரியும், மண்ணீரல் தெரியும், பித்தப்பை தெரியும். தெரிந்ததெல்லாம் தெரியாததாகிவிடுகிறது. பாடம் தெரியாதவள் என்று ஆசிரியர் நினைப்பதோடு முடிந்தால் பரவாயில்லை. தான் முட்டாள் என்று அவளே நம்பத் தொடங்குகிறாள்.

இந்தச் சிக்கல் புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலைக்கு வெளியூர் போய்விட, ஊர் மருத்துவருக்குத் தட்டுப்பாடு நீடித்தது. 1864 முதல் தமிழிலேயே வகுப்பு நடத்தினார். அதற்காக உடற்கூறு, அறுவை, மகப்பேறு நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவரிடம் பயின்றவர்கள் அறுபதுக்கும் மேல். ஒரு வெளிநாட்டவர் தமிழ் கற்று, மாணவர் இருக்கும் இடத்துக்குத் தான் நகர்ந்து போனார். இங்கே தமிழ் பேசும் ஆசிரியர், தமிழ் பேசும் மாணவருக்கு எதிரில் நின்றுகொண்டு, ஒரு நிமிடம் தமிழில் விளக்கத் தயங்குகிறோம். பார்வையிட வருபவர் என்ன நினைப்பாரோ என்று பயம்.

அந்தப் பயத்தை ஒதுக்கிவிட்டு வேறொன்றைச் சொல்கிறேன். வார்டுக்குள் போனதும் தராசு தலைகீழாகிறது. நோயாளி ஆங்கிலத்தில் பேசுவதில்லை. "கால் மரத்துப் போச்சும்மா" என்கிறார். "முட்டி குடையுது." "நெஞ்சு கரிக்குது." "நெஞ்சை அடைக்குது." "கிறுகிறுன்னு வருது." "நீர் கடுத்துப் போவுது." மரத்துப்போவது வேறு, குடைச்சல் வேறு, கடுப்பு வேறு, எரிச்சல் வேறு. கரிக்கிறது என்றவருக்கும் அடைக்கிறது என்றவருக்கும் நாம் ஓடும் வேகமே வேறாக இருக்க வேண்டும். இரண்டையும் 'செஸ்ட் பெயின்' என்று எழுதிவிட்டுப் போகும் மாணவியைவிட, பாட்டி வாயால் இதையெல்லாம் கேட்டு வளர்ந்த கிராமத்துப் பெண் இந்த இடத்தில் நிபுணர்.

ஆகவே நான் ஒரு பயிற்சி வைத்திருந்தேன். நோய்க்குறிகள் பாடம் வரும்போது, ஊரில் அந்த வலியை என்ன சொல்வார்கள் என்று கேட்பேன். பலகையில் இரண்டு பத்தி: இடப்பக்கம் நோயாளியின் சொல், வலப்பக்கம் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டிய சொல். இடப்பக்கத்தை நிரப்பியவர்கள் எப்போதும் கடைசி பெஞ்சுக்காரர்கள். அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் அன்று எட்டுச் சொல் கொடுத்தாள். முன் பெஞ்சில் இருந்த சென்னைப் பெண் திரும்பி, "குடைச்சல்னா எப்படி இருக்கும்?" என்று அவளிடம் கேட்டாள். என் 30 ஆண்டு வகுப்பறை வாழ்வில் நான் மிகவும் மகிழ்ந்த கேள்விகளில் அது ஒன்று.

3. பாய், எண்ணெய், விளக்கு

திருமுக்கூடல் கல்வெட்டுக்குத் திரும்புகிறேன். மாணவர்க்கு உணவோடு, படுக்கப் பாய், சனிக்கிழமை தலைக்கு எண்ணெய், இரவில் விளக்கெரிக்க எண்ணெய் ஆகியவற்றுக்கும் அதில் ஒதுக்கீடு உண்டு. அது எல்லாருக்கும் திறந்த கல்விச்சாலை இல்லை, வேதம் படித்தவர்களுக்கானது. அதை மறைத்துப் பெருமை பேச மாட்டேன். ஆனால் உள்ளே வந்தவனுக்கு என்னென்ன வேண்டும் என்று பாய் வரை யோசித்திருக்கிறார்கள்.

நாம் வரவேற்பு நாளில் ரோஜாப்பூ கொடுக்கிறோம். பிறகு ரெக்கார்ட் நோட்டு, சார்ட் பேப்பர், கலர் பென்சில், போஸ்டிங் பேருந்துச் செலவு, ஆய்வகக் கோட்டு என்று பட்டியல் நீள்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அந்த ஆயிரம் ரூபாய் எதற்குப் போகிறது என்று ஒரு வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பேருந்தும் ஜெராக்ஸும் என்பார்கள். சார்ட்டை அலங்கரித்ததற்கு மதிப்பெண் கொடுக்கும் வழக்கத்தை மட்டுமாவது விட்டுவிடலாம். அது கலர் பேனாவுக்குத் தரும் மதிப்பெண்.

4. ஜோடி

இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

மற்ற வகுப்புகளில் மாணவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். செவிலியர் வகுப்பில் ஒருவரையொருவர் தொட வேண்டும். படுக்கை விரிப்பதை இருவராகச் செய்து காட்ட வேண்டும். கட்டுப் போடுவதைத் தோழியின் முழங்கையில், கணுக்காலில், தலையில் பழக வேண்டும். நாடி பிடிக்க வேண்டும், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். இன்னார் இன்னாரைத் தொடக் கூடாது என்று நூற்றாண்டுகளாக விதி வைத்திருந்த மண்ணில் இது சாதாரணக் காட்சி இல்லை.

நம் தொழில் வரலாற்றிலும் அந்த விதியின் தடம் உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அங்கேயே 1946-இல் பட்டப் படிப்பும் வந்தது. இத்தனைக்கும் நடுவே நெடுங்காலம் 'நல்ல குடும்பம்' என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள் பெண்களை இந்த வேலைக்கு அனுப்பவில்லை. அடுத்தவர் மலமும் சீழும் ரத்தமும் தொடுகிற வேலை, ஆண்கள் உடம்பைத் தொடுகிற வேலை, இரவில் வெளியே தங்குகிற வேலை. ஆங்கிலோ இந்தியப் பெண்களும், கிறித்தவப் பெண்களும், மலையாளப் பெண்களும்தான் அந்த இழிசொல்லைத் தாங்கிக்கொண்டு இந்தத் தொழிலை நமக்கு வைத்துவிட்டுப் போனார்கள். இன்று எல்லாச் சாதியிலிருந்தும் வருகிறார்கள். பட்டும் பருத்தியும் நெய்பவர் மகள், ஒரகடம் தொழிற்சாலைக்கு வேன் ஏறிப் போகிறவர் மகள், ஏரி நீரை நம்பி நெல் போடுகிறவர் மகள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

ஆனால் ஆய்வகத்தில் ஆசிரியர் "ஜோடி சேருங்க" என்று சொல்லும் அந்த அரை நிமிடத்தைப் பாருங்கள். வகுப்பின் உண்மையான வரைபடம் அப்போது தெரியும். விடுதிப் பெண்கள் விடுதிப் பெண்களோடு. ஒரே தெருக்காரர்கள் ஒன்றாக. தயக்கத்தோடு சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுபவர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் அவர்களே மிஞ்சுவார்கள். ஆசிரியர் நல்ல மனத்தோடு "நீ இவங்க ரெண்டு பேரோட சேர்ந்துக்கோ" என்பார். அந்தப் பெண் மூன்றாவது ஆளாக ஓரத்தில் நின்று, விரிப்பின் மூலை மடிப்பைத் தொடாமலே, அன்றைய பயிற்சியை முடித்துவிட்டதாகக் கையெழுத்து வாங்குவாள்.

தயவுசெய்து ஜோடியை மாணவர் விருப்பத்துக்கு விடாதீர்கள். குடவோலை போட்டு எடுங்கள், நம் ஊர் முறைதானே. வாரம் ஒருமுறை மாற்றுங்கள். முதல் இரண்டு வாரம் முணுமுணுப்பார்கள். செமஸ்டர் முடிவதற்குள் ஒவ்வொருவர் நாடியும் ஒவ்வொருவர் விரலுக்கும் தெரிந்திருக்கும். ஒரு சாதியைப் பற்றியும் ஒரு சொல் பேசாமல் இதைச் செய்ய முடியும். பேச வேண்டிய நாளும் வரும். ஒருத்தியின் கட்டை அவிழ்த்துவிட்டுக் கை கழுவப் போன இன்னொருத்தியை நான் ஒருமுறை பார்த்தேன். நோயாளியைத் தொட்ட பின் கை கழுவுவது நம் முதல் விதி. அன்று அவள் கழுவிய விதத்தில் இருந்தது அந்த விதி இல்லை. அப்போது பாடத்தை நிறுத்திவிட்டுப் பேசினேன்.

ஆண் மாணவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 60 பேரில் ஆறேழு பேர். எந்தக் கனமான பொருள் வந்தாலும் "பாய்ஸ், தூக்குங்க". பிரசவ வார்டுப் போஸ்டிங் வந்தால் எங்கே நிற்பது என்று தெரியாமல் வராந்தாவில் நிற்பார்கள். அவர்களை முன்கூட்டியே அழைத்து, தாயின் சம்மதம் கேட்பது எப்படி, எப்போது விலகி நிற்பது என்று வகுப்பிலேயே நடித்துப் பழக்கிவிட்டால் பாதித் தவிப்பு தீரும்.

5. 'தெரியாது' என்ற சொல்

ஆஸ்திரேலியச் செவிலியர் கல்வியாளர் டிரேசி லெவெட் ஜோன்ஸ் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம், போஸ்டிங்கின்போது தாங்கள் அந்த இடத்துக்கு உரியவர்களாக உணர்ந்தார்களா என்று ஆராய்ந்தார். கற்றலுக்கு முன்நிபந்தனையே அந்த உணர்வுதான் என்று கண்டார். 2009-இல் வெளியான அவரது கட்டுரை ஒன்று என்னை உலுக்கியது. வார்டில் தங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக மாணவர்கள் தவறென்று தெரிந்த செய்முறைக்கும் ஒத்துப்போகிறார்கள் என்று அதில் காட்டியிருந்தார். படகை ஆட்டாதே, பேசாமல் இரு.

ஆக, இது இரண்டு பக்கமும் வெட்டும். இடம் கிடைக்காதவள் பயத்தில் வாய் மூடுகிறாள். இடத்துக்காக ஏங்குகிறவள் ஒத்துப்போய் வாய் மூடுகிறாள். எனவே 'எல்லாரும் ஒத்துப்போகும் குடும்பம்' என்ற உணர்வை வளர்ப்பது நம் வேலை ஆகாது. மறுத்துப் பேசினாலும் என் இடம் போகாது என்ற நம்பிக்கைதான் நமக்கு வேண்டியது.

அதை வகுப்பில்தான் பழக்க வேண்டும். நான் மருந்துக் கணக்குப் பாடத்தில் வேண்டுமென்றே பலகையில் ஒரு புள்ளியைத் தவறாக வைப்பேன். 0.5 என்பது 5 ஆகிவிடும், பத்து மடங்கு. கண்டுபிடிப்பவர் "மேடம், நிறுத்துங்க, சரிபார்க்கணும்" என்று எழுந்து சொல்ல வேண்டும். முதல் வாரம் யாரும் எழவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது, நோட்டில் சரியாக எழுதியிருந்தார்கள். எனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த 60 நோட்டுகளைப் பார்த்தபோது என் பழைய 18 நினைவுக்கு வந்தது.

ஒரு மறுப்பு எழும். இப்படிச் செல்லம் கொடுத்தால் ஒழுக்கம் கெடும், நாங்கள் திட்டு வாங்கித்தான் நல்ல செவிலியர் ஆனோம் என்பார்கள். திட்டு வாங்கி நல்ல செவிலியர் ஆனவர்கள் இந்த மேடையிலும் இருக்கிறோம். திட்டு வாங்கிப் படிப்பை விட்டுப் போனவர்கள் மேடைக்கு வருவதில்லை, அவர்கள் கணக்கு நம்மிடம் இல்லை. கண்டிப்பு வேண்டும். 18 என்று எழுதியதற்கு எனக்குத் தண்டனை வேண்டியதுதான். தண்டனையோடு, ஏன் என்ற கேள்வியும் வந்திருக்க வேண்டும்.

6. சீனியர்கள்

கடைசிக் கூறைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தேநீர் வந்துவிட்டது தெரிகிறது. அமெரிக்காவில் வால்டன், கோஹன் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதலாண்டு மாணவர்களிடம் சீனியர்களின் அனுபவங்களைக் காட்டினார்கள்: எங்களுக்கும் இது நம் இடமில்லை என்று தோன்றியது, போகப்போக மாறியது. ஒரு மணி நேர வேலை. கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் மூன்றாண்டுகளில் ஏறி, வெள்ளையரோடு இருந்த இடைவெளி பாதியானது. பின்னர் 22 கல்வி நிறுவனங்களில் இதையே பெரிய அளவில் செய்து 2023-இல் வெளியிட்டபோது இன்னொன்று தெரிந்தது. உண்மையிலேயே இடம் கொடுக்கும் கல்லூரிகளில்தான் அந்தச் சொல் வேலை செய்தது. வாசல் மூடியிருக்கும் இடத்தில் சீனியர் என்ன சொன்னாலும் பயனில்லை.

பருவமுறை வந்த பிறகு ஆசிரியர்க்கு நேரமில்லை என்பது உண்மை. சீனியர்களுக்கு ஒரு மணி நேரம் உண்டு. அறிவுரை சொல்ல வேண்டாம் அவர்கள். முதல் போஸ்டிங்கில் தாங்கள் சொதப்பியதை மட்டும் சொன்னால் போதும். மயங்கி விழுந்தது, டிரேயைக் கவிழ்த்தது, ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைத் தலைகீழாகக் கட்டியது. அந்த ஒரு மணி நேரம் வகுப்பில் சிரிப்பு அடங்காது.

நம் மொழியில் இந்தத் தொழிலுக்கு உரியவளைச் செவிலி என்கிறோம். சங்க அகப்பாடல்களில் நற்றாய் பெற்றவள், செவிலித்தாய் வளர்த்தவள். தோழி அந்தச் செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்தவளின் பெயரைத்தான் நமக்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பாடல்களிலும் அவளுக்குத் தனிப்பெயர் இல்லை. அகப்பாட்டில் யாருக்குமே பெயர் சுட்டும் வழக்கமில்லை என்பதால் அதை மட்டும் மன்னித்துவிடலாம். திருமுக்கூடல் சுவரை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

இந்தச் சொற்பொழிவுக்கு அறக்கட்டளை எனக்கு ஒரு தொகை தருகிறது. முதல்வரிடம் நேற்றே பேசிவிட்டேன். அந்தத் தொகைக்கு நொடிமுள் உள்ள கைக்கடிகாரங்கள் வாங்கி, பயிற்சி ஆய்வகத்தில் கதவுக்குப் பக்கத்தில், யார் பார்வையிலும் படாமல் எடுக்கக்கூடிய உயரத்தில் ஆணி அடித்து மாட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். போஸ்டிங் போகும்போது யாருக்கு வேண்டுமோ எடுத்துக் கட்டிக்கொள்ளலாம், வந்ததும் மாட்டிவிடலாம். பதிவேடு வேண்டாம், கையெழுத்து வாங்க வேண்டாம். ஒன்றிரண்டு திரும்பி வராமல் போனால் யார் எடுத்தது என்று விசாரிக்கவும் வேண்டாம். பேட்டரி தீர்ந்தால் மட்டும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.